குறையில்லாத கம்ப்யூட்டர்

“இருக்கிறதுலயே பெரிய கிராபிக்ஸ் கார்டு எது? அதையே போடுங்க” என்று கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொன்னாள் மனைவி. விலையைக் கேட்கவே இல்லை.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கே நாலு கடை ஏறி இறங்குகிறவள், இவன் விளையாடுவதற்காக இப்படி அள்ளி இறைக்கிறாளே! நம்பவும் முடியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

பயப்படாமல் என்ன செய்வான்? பன்னிரண்டு நாளாக அவள் இவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்பதுகூட மகள் குட்டி மூலமாகத்தான் வரும். குட்டிக்கு ஆறு வயது.

அன்றைக்குக் குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரவேண்டியது இவன் முறை. ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் பள்ளிக்கூட வாட்ச்மேன் போன் பண்ண, பல் டாக்டரான மனைவி வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

மழையில் தொப்பலாக நனைந்த குழந்தையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, இவன் பெரிய துரை மாதிரி காதில் மாட்டிய ஹெட்போனைக்கூடக் கழற்றாமல், “அதுக்குள்ள நாலு மணி ஆயிடுச்சா?” என்று கேட்டான். அப்போது மணி ஆறரை.

மறுநாளே கம்ப்யூட்டர் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறிவிட்டது. அது போய்த் தொலையட்டும், இவள் பேசினால் போதும் என்று கிடந்தான். இன்று காலையில் அவளே வந்து, “கிளம்புங்க, உங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும்” என்றாள்.

“இவ்ளோ பெரிய கார்டெல்லாம் எதுக்கு? நடுத்தரமா ஒண்ணு போதுமே” என்று மெதுவாக ஆழம் பார்த்தான்.

“ஏன் போதும்? நாளைக்கு இது பத்தல, அது பத்தலன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. எல்லாம் முழுசா இருக்கட்டும்.”

திட்டினாள்! முகத்தைப் பார்த்துத் திட்டினாள்! அவனுக்கு அந்தத் திட்டே தேனாக இனித்தது.

கடைக்காரருக்குச் சொல்லவே வேண்டாம், வாயெல்லாம் பல். பிராசஸர், மதர்போர்டு, மெமரி என்று டப்பா டப்பாவாக மேஜையில் அடுக்கினார். “குடுத்து வெச்சவர் சார் நீங்க! எங்க வீட்ல ஒரு மவுஸ் மாத்தணும்னாலும் மனு போடணும்.”

அவள் சிரிக்கவில்லை. “ஃபேன் சத்தம் வருமா?” என்றாள்.

“கார்டு பெருசு மேடம், சூடாகும். தண்ணியில குளிர வைக்கிற கூலர் இருக்கு. சத்தமே வராது. ஆனா விலை கொஞ்சம்...”

“அதையே போடுங்க. தூங்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது.”

அவனுக்குச் சிலிர்த்தது. பன்னிரண்டு நாளாகக் குட்டியின் அறையில் படுத்துக்கொண்டிருந்தவள் திரும்பி வரப்போகிறாள். அப்பாடா, தலை தப்பியது.

“மானிட்டர் வைக்கிற டேபிள் எத்தனை அடி மேடம்?”

அவள் கைப்பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். “மூணு அடி.”

“நம்ம டேபிள் நாலரை அடிம்மா” என்றான் இவன்.

“மூணு அடிதான். நேத்து டேப் வெச்சு அளந்தேன்.”

தப்பாக அளந்திருக்கிறாள். அதற்காக இந்த நேரத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா? அவள் சொன்ன அளவுக்கே மானிட்டர் எடுக்கப்பட்டது.

கடைக்காரர் கத்தியை எடுத்து முதல் டப்பாவின் சீல் மேல் வைத்தார். “பிரிச்சிட்டா திருப்பி எடுத்துக்க மாட்டோம் மேடம். நல்லா யோசிச்சுக்கோங்க.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

“பன்னெண்டு நாளா யோசிச்சாச்சு. பிரிங்க.”

சீல் கிழிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பக்கம் குனிந்து, “இனிமே அப்படி நடக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தொடுவேன். குட்டி மேல சத்தியம்” என்றான்.

“குட்டி மேல சத்தியம் பண்ணாதீங்க” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. “எப்ப வேணும்னாலும் விளையாடுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

இதைவிட என்ன வேண்டும்? எத்தனை பேருக்கு இப்படி ஒருத்தி அமைவாள்! அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் கார்டைத் தேய்த்து மொத்தப் பணத்தையும் கட்டினாள். கடைக்காரர் பில் புத்தகத்தைப் புரட்டினார். “மாட்டி, ஓட்டிப் பாத்து, சாயங்காலம் வீட்லயே கொண்டாந்து வெச்சிடறோம். அட்ரஸ் சொல்லுங்க சார்.”

அவன் உற்சாகமாகக் கதவு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தான்.

அவள் கையை நீட்டிக் கடைக்காரரின் பேனாவைத் தடுத்தாள்.

“அது இல்லைங்க. இவரோட அம்மா வீட்டு அட்ரஸ் எழுதிக்கோங்க.”