நடு ஆற்றில் ஓர் ஆண்பிள்ளை

பழைய இரும்புப் பாலத்துக்கு நேர் கீழே, தூணில் கட்டிய படகில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார் காண்ட்ராக்டர். பக்கத்தில் பலகையைக் கெட்டியாகப் பிடித்தபடி அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிற மனுஷன். மாமனார் தயவில் காண்ட்ராக்ட் பிடித்து, துருவின்மேலேயே பெயிண்ட் அடித்துத் தொப்பை வளர்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மதிக்கும்படி அவரும் எதுவும் செய்ததில்லை.

அவர் பழுதுபார்த்த இந்தப் பாலத்துக்கு இன்று சோதனை. பாரம் ஏற்றிய மணல் லாரிகள் வரிசையாக மேலே நிற்க வேண்டும். தாங்கினால் நாளை முதல் பள்ளிக்கூட பஸ்கள் இந்த வழியாகத்தான் போகும்.

காலையில் கரையில் இன்ஜினியர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல்தான் பேசினார்.

"உங்க லட்சணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு லாரியா எடை போட்டுட்டுத்தான் ஏத்தணும்."

"எடை போட்டுட்டு வர்றதுக்குள்ள பொழுது போயிடும் சார். இந்தப் பாலத்தைக் கட்டினவர் என்ன செஞ்சார்? முதல் வண்டி போறப்ப பொண்டாட்டியோட கீழே படகுல நின்னாராம். நானும் இவளோட நிக்கிறேன். அதுக்கு மேல என்ன உத்தரவாதம் வேணும்?"

இன்ஜினியர் சரியென்று தலையாட்டினார். கூட நிற்க வேண்டியவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதோ, லாரிகள் ஏறத் தொடங்கிவிட்டன. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கைதட்டல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். பாலம் அசையாமல் நின்றது. அதற்குக் கீழே இவரும் அசையாமல் நின்றார், நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

கரையிலிருந்து இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க" என்று இரைந்து சொன்னார். கூட்டம் மறுபடியும் கைதட்டியது.

அவளுக்கு இத்தனை வருஷமாகத் தான் வாய்க்கு வந்தபடி பேசியதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. எழுந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும்தாங்க தப்பா நினைச்சுட்டேன். உங்களைப் போய் பயந்தாங்கொள்ளின்னு... உயிர் மேல பயமே இல்லையா உங்களுக்கு?"

காண்ட்ராக்டர் கரையைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் காதோரம் குனிந்தார்.

"லாரியில மேலே ஒரு சாண்தான்டி மணல், அடியில பூரா உமி மூட்டை."