ஊசித்துளைப் பெட்டியின் முன்

லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கேமராவில், துளையில் கசியும் சொற்ப ஒளிக்கு ஃபிலிம் மந்தமாகிவிடும், கூடுதல் நேரம் திறந்துவைக்க வேண்டும் என்பதை நேரக் கணக்கில் சேர்க்க சபேசன் மறந்திருந்தான். பிரிந்துபோகும் மனைவியின் கடைசிப் படம், கழுவிப் பார்த்தால் வெறுமையாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி கோமளாவை மறுபடி உட்காரவைத்து, ஊசித்துளைப் பெட்டியின் துளையைத் திறந்தான்.

"எட்டு நிமிஷம். உதடுகூட அசையக் கூடாது."

கல்யாணத்துக்குப் பிறகு அவன் குறுக்கீடில்லாமல் பேசக் கிடைத்த முதல் எட்டு நிமிடம். மன்னிப்புக் கேட்டான். அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்புவதாகக்கூடச் சொன்னான். நேரம் முடிந்தது.

"மேகம் மறைக்குது, இன்னும் அஞ்சு." பிறகு, "இன்னும் பத்து."

அவள் சிலையாக இருந்தாள். கண்ணில் மட்டும் நீர் இறங்கியது. அவனுக்கு உயிர் வந்தது.

"இருந்துடறியா, கோமு?"

அவள் எழுந்து வந்து துளையை விரலால் மூடினாள்.

"வெயிலுக்கு நேரா உட்காரவெச்சா கண்ணுல தண்ணி வராதா? மேகமாவது ஒண்ணாவது! நான் இருக்கப்போறதில்லைங்க."