விட்டுப்போன சமக்குறி

"பொய். பச்சைப் பொய்," என்றான் ரெங்கராஜ், வாசலிலேயே நின்றுகொண்டு.

எடமலைப்பட்டி புதூரில் அனுசுயா தொடங்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர். சென்னையில் பெரிய கம்பெனி, பெரிய பதவி. உள்ளே மாலையும் சால்வையும் காத்திருக்க, அவனோ வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு நகர மறுத்தான்.

'பிஎச்பி, வெப் டிசைனிங் கற்றுத் தரப்படும். பயிற்சியாளர்: அனுசுயா, 2004 பேட்ச்சின் முதல் மாணவி.'

கூட வந்த ஜஹானாராவுக்குப் பக்கென்றது. மூவரும் மன்னார்புரத்தில், ஒரு பேக்கரி மாடியில் ஒன்றாக பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தவர்கள். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக ஒட்டிக்கொண்டு, கீழே பஃப்ஸ் வேகும் வாசனையில் பசியோடு புரோகிராம் அடித்த காலம். பெயரைத் தட்டினால் அதே பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிற ஒரு பக்கத்தை முதன்முதலில் செய்தபோது, ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி குதித்தார்கள். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். அதைவிடச் சத்தமாக கிளமென்ட் சார், "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க" என்று கத்துவார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கத்தான் செய்கிறது.

"இருந்துட்டுப் போகட்டும். உள்ள வா," என்றாள் ஜஹானாரா.

"அதெப்படி விடறது? ஃபர்ஸ்ட் நான். ரிசல்ட் பேஜ்ல என் நம்பரைப் போட்டப்ப, 'ஃபர்ஸ்ட் ரேங்க்'னு வந்துச்சு. ஸ்ரீரங்கத்துல எங்க தெரு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உங்க மனசெல்லாம் கஷ்டப்படுமேன்னுதான். அந்தத் தெம்புலதான் அடுத்த வாரமே வேலை தேடி சென்னைக்குக் கிளம்பினேன். எனக்கு எல்லாமே அந்த ஒரு வரி கொடுத்தது. அதைப் போய் இவ சொந்தம் கொண்டாடறா. பொய் சொல்லி ஆள் சேர்க்கிறவ என்னத்தைச் சொல்லிக் கொடுப்பா? மைக்ல நானே சொல்லிடறேன். நாசூக்காத்தான்."

நாசூக்காகக் கழுத்தறுப்பதில் ரெங்கராஜ் கெட்டிக்காரன். உள்ளே அனுசுயா, இருந்த வேலையையும் விட்டுவிட்டு இதில் இறங்கியவள், வந்திருந்த பெற்றோருக்கு ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிறப்பு விருந்தினர் வாயிலிருந்தே 'பொய்' என்று வந்துவிட்டால், இன்றைக்குத் திறந்த கதவை இன்றைக்கே சாத்த வேண்டியதுதான்.

ஜஹானாரா அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அவ பொய் சொல்லல. அவளுக்கும் ஃபர்ஸ்ட் ரேங்க்னுதான் வந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் வந்துச்சு."

"என்ன உளர்ற?"

"அந்த பேஜை எழுதினது நான். சார் மார்க் லிஸ்டைக் கொடுத்து, நம்பரைப் போட்டா அவங்கவங்க ரேங்கைக் காட்டற மாதிரி செய்யச் சொன்னார். ரெண்டு சமக்குறி போட வேண்டிய இடத்துல ஒண்ணுதான் போட்டேன்."

ரெங்கராஜுக்கு உடனே புரிந்தது. புரோகிராம் எழுத ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. இரண்டு சமக்குறி போட்டால், 'நீ முதல் ரேங்கா?' என்று கம்ப்யூட்டர் கேட்டுப் பார்க்கும். ஒன்று மட்டும் போட்டால் கேள்வியே கிடையாது. 'நீதான் முதல் ரேங்க்' என்று அதுவே வைத்துக்கொள்ளும், யார் வந்து நின்றாலும்.

"தெரிஞ்சதும் திருத்த வேண்டியதுதானே?"

"அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. திருத்தத்தான் உட்கார்ந்தேன். அதுக்குள்ள அனுசுயா போன் பண்ணிட்டா. அவங்கப்பாவை ஞாபகம் இருக்கா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தாரே, நல்லதம்பி. படிச்சுக் கிழிச்சது போதும்னு அவளை ஜவுளிக்கடை வேலைக்குப் பேசி வச்சிருந்தார். ஸ்கிரீனைப் பார்த்ததும் மனசு மாறி, குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதா, ரெங்கராஜ். அப்புறம் எனக்குத் திருத்தக் கை வரல."

ரெங்கராஜ் கையிலிருந்த கூலிங்கிளாஸைத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நிஜ லிஸ்ட்ல நான் எத்தனாவது?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லு."

அவள் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். இந்த ரோஷக்காரன் மைக்கில் என்ன சொல்லித் தொலைப்பானோ என்று பயந்தபடியே ஜஹானாரா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மாலை, சால்வை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்தது. ரெங்கராஜ் மைக்கைப் பிடித்தான்.

"நிறையப் பேசப் போறதில்லைங்க. நாங்க ஒண்ணாப் படிச்சவங்க. எங்க பேட்ச்சுல ஃபர்ஸ்ட் அனுசுயாதான். கடைசி யாருன்னு கேட்டீங்கன்னா, நான்தான். நம்பிப் பசங்களைச் சேர்த்து விடுங்க."

கூட்டம் சிரித்தது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. மேடை ஓரத்தில் நின்ற அனுசுயா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"எவ்வளவு பெரிய பதவியில இருக்கார், எவ்வளவு தன்னடக்கம் பாருங்க," என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"ஆமாங்க," என்றாள் ஜஹானாரா.

அவன் பேச்சில் முன்பாதிதான் பொய், பின்பாதி சத்தியம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.