எட்டுக் கோடு

ராஜாக்கள் சீனத்தை ஆண்ட ஒரு காலத்திலே, ராஜா ஓடிப்போன அரண்மனையில் இரண்டு தண்ணீர் அண்டாக்கள் நின்றன. அக்கா பொன்முலாம் பூசிய அண்டா, தம்பி வெறும் இரும்பு.

எட்டுத் தேசத்துச் சிப்பாய்கள் கத்தியோடு நுழைந்தார்கள்.

"என் பொன்னைச் சுரண்டத்தான் வர்றாங்கடா" என்று அக்கா நடுங்கியது.

யார் முதலில் சுரண்டுவது என்று சிப்பாய்களுக்குள் தகராறு. துப்பாக்கியைக்கூடத் தூக்கிவிட்டார்கள்.

"தப்பிச்சே அக்கா! அடிச்சுக்கிட்டே சாகப்போறாங்க" என்றது தம்பி.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா!"

அதற்குள் ஒருவன் சுண்ணக்கட்டியால் அக்காவின் வயிற்றில் எட்டுக் கோடு இழுத்துப் பங்கு பிரித்தான். சண்டை நின்றது. அடுத்தவன் கோட்டைத் தொட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகச் சுரண்டினார்கள்.

கடைசிச் சிப்பாய் பொன்தூளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அக்காவின் தண்ணீரிலேயே கை கழுவிவிட்டு நடந்தான்.