சத்தம் மட்டும் போதும்

“படம் போச்சுக்கா. சத்தம் மட்டும்தான் வருது. தூக்கிப் போட்டுட்டு புது செட்டாப் பாக்ஸ் வாங்கிடுங்க.”

டிவி மெக்கானிக் இப்படிச் சொன்னதும் தையற்காரி மெஷினை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். பாதி தைத்த சட்டைக் காலர் இன்னும் அவள் கையில் இருந்தது.

“சத்தம் வருதா? நல்லா வருதா?”

“அதுவும் எவ்வளவு நேரமோ. உள்ளே டிஸ்க் கரகரங்குது, கேக்குதா? நின்னா நின்னதுதான்.”

“அதுக்குள்ள அதையாவது என் போன்ல ஏத்திக் கொடுத்துடு தம்பி. போன வருஷம் வந்த சினிமா, சீரியல்ல எனக்குப் பிடிச்ச கட்டமெல்லாம் இதுலதான் ரெக்கார்டு பண்ணிப் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

மெக்கானிக் சிரித்துவிட்டான். “சினிமாவை யாராவது காதால பார்ப்பாங்களாக்கா?”

“நான் பார்ப்பேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவன் பையைத் துழாவி ஒரு வயரை எடுத்து, பாக்ஸுக்கும் அவள் போனுக்கும் நடுவே மாட்டினான்.

சினிமா என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். முதல் நாள் முதல் காட்சி பார்க்காவிட்டால் காய்ச்சலே வந்துவிடும். வாய் சும்மா இருக்குமா?

“போன வருஷம்னா மழையில ஹீரோ தண்ணித் தொட்டி மேல இருந்து இறங்குவாரே, அதாங்க்கா டாப்பு. அப்புறம் சீரியல்ல, மாப்பிள்ளையோட முதல் பொண்டாட்டி வாசல்ல வந்து நிப்பாளே! எங்க தெருவே சாப்பிடாம உட்கார்ந்து பார்த்துச்சு. எல்லாம் வெச்சிருக்கீங்கல்ல?”

“அதெல்லாம் இல்ல தம்பி.”

அவன் ரிமோட்டை அழுத்தினான். டிவி கறுப்பாகவே இருந்தது. ஸ்பீக்கரில் ஓர் ஆள் உறுமினான்.

“வெளியே போ! இன்னொரு தடவை என் வாசப்படி மிதிச்சே, காலை உடைச்சிடுவேன்!”

“அட, தோட்ட முதலாளி! இந்த வில்லனைத் தியேட்டர்ல திட்டாத ஆளே கிடையாது. இதையா வெச்சிருக்கீங்க?”

தையற்காரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதட்டில் சின்னச் சிரிப்பு. கன்னத்தில் ஈரம்.

அடுத்தது வேற்றுமொழிப் படம். “காத்து திரும்பிடுச்சு. பாயை ஏத்துங்க, வீட்டுக்குப் போலாம்” என்றான் ஒரு வெள்ளைக்கார மாலுமி. அந்தப் படம் ஓடவே இல்லை என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அதற்கடுத்து சீரியலில் கதாநாயகிக்கு ஆயுள் தண்டனை கொடுத்த ஜட்ஜ். பார்த்தவர்கள் எல்லாம் சபித்த ஜட்ஜ்.

வில்லன், மாலுமி, ஜட்ஜ். ஒரு நடிகர்மேல் பைத்தியம் என்றாலாவது மன்னிக்கலாம். இது என்ன கூத்து? ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. காதில் பெரிய ஹெட்போனோடு ஒருவர், கண்ணை மூடி நின்றிருந்தார். இந்த வீட்டில் ரசனை உள்ள ஆள் இவர் ஒருத்தர்தான்போல என்று நினைத்தான்.

பாக்ஸ் சட்டென்று நின்றது.

“போச்சு” என்றான் மெக்கானிக்.

“ஐயோ, கரடி! இன்னும் கரடி வரலியே தம்பி!”

“எது, அந்தக் குழந்தைங்க படத்துல வருமே, தூக்கம் வராத கரடி, அதுவா? விட்டுத்தள்ளுங்கக்கா. இந்த வருஷம் அதைவிட நல்ல கரடியா வரும்.”

“இனிமே வராது தம்பி.” அவள் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “என் பொண்ணு கேப்பா. எப்படியாவது பாரு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

அவன் பதறிப்போனான். ஒரு கரடிக்காகக் காலில் விழுகிறேன் என்கிறாளே! பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தான். பாக்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தான், விரலால் தட்டினான், ஊதினான், மறுபடி மின்சாரம் கொடுத்தான். டிஸ்க் முனகிக்கொண்டே சுற்றியது. கறுப்புத் திரையிலிருந்து கரடி அழுகையும் கொட்டாவியுமாகப் பேசியது.

“பனி விழ ஆரம்பிச்சாச்சு. விளக்கை அணைங்க, என்னைத் தூங்க விடுங்க!”

அந்த வசனம் முடிந்து கொஞ்ச நேரத்தில் டிஸ்க் ஒரேயடியாக நின்றது. மெக்கானிக் போனைப் பார்த்தான். நாலும் பதிவாகியிருந்தது. அவனுக்கே ஒரு பெருமூச்சு வந்தது.

வாசலில் ஷூ சத்தம். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் மகள் ஓடி வந்தாள்.

“அம்மா, கிடைச்சுதா? கரடி கிடைச்சுதா?”

தையற்காரி போனை நீட்டினாள். சிறுமி அதைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஒரு தடவை கேட்டாள். மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

“இது பேசின அன்னிக்கு அப்பாவுக்கு ஜலதோஷம், இல்லம்மா?”

மெக்கானிக் நிமிர்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். ஹெட்போன் மாட்டியவரின் வாய்க்கு நேரே ஒரு மைக் இருந்ததை முதலில் அவன் கவனிக்கவில்லை.

“டப்பிங் பேசுறவர் தம்பி” என்றாள் தையற்காரி. “அவர் தவறிப்போன பிறகுதான் இதெல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு. வீட்டுல, தொண்டைக்கு ஓய்வு வேணும்னு எங்ககிட்ட சைகையிலதான் பேசுவார். பிடிச்சு வெச்சுக்க எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல.”