அத்தரும் கருவாடும்

“ஏன் புள்ள பெட்டியை மூடி வச்சிரிக்காய்? திறந்து வை. சனம் கண்டாத்தானே வாங்கும்!”

பெரியநீலாவணையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் மங்களேஸ்வரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. சொன்னவர் பக்கத்து அத்தர்க் கடை றிஸ்மி; எல்லோருக்கும் அண்ணன் முறையில் ‘காக்கா’. கல்முனைச் சந்தையில் இருவரும் எலியும் பூனையும் என்பது ஊருக்கே தெரியும். அவளை அந்த இடத்திலிருந்து கிளப்ப அவர் எழுதாத மனு இல்லை. அவரோடு வாய்ச்சண்டை போடாமல் அவள் ஒருநாளும் தராசைத் தொட்டதில்லை.

கொரோனாவால் பூட்டிக் கிடந்த சந்தை அன்று காலைதான் மறுபடி திறந்திருந்தது. முதல் வியாபாரம் இன்னும் யாருக்கும் நடக்கவில்லை. காக்கா தானே எழுந்து வந்து சுறாக் கருவாட்டுப் பெட்டியின் மேலிருந்த பொலித்தீனை இழுத்து எடுத்தார். அவளுக்கும் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஊரடங்கு காக்காவையும் திருத்திப்போட்டுது!” என்று எதிர்ப்பக்கத்து வெற்றிலைக் கடைக் குணம் சிரித்தான்.

“மாஸ்க்கை மேல இழுங்க காக்கா. பி.எச்.ஐ. வாறார்,” என்றாள் மங்களேஸ்வரி.

“அத்தர் யாவாரி மூக்கை மூடினா கடையை மூடின மாதிரித்தான் புள்ள!”

சுகாதாரப் பரிசோதகர் உரத்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்: “ஒராளுக்கு வந்தாலும் வரிசை முழுக்கப் பூட்டுத்தான். பிறகு என்னைக் குறை சொல்லப்படாது!”

மங்களேஸ்வரி டீயைக் குடிக்கவில்லை. காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையைப் பூட்டினால் அவள் கொண்டுவந்த கருவாடு அவ்வளவும் புழுத்துப்போகும். ஆனால் காக்காவின் மனைவி ஸுலைஹா முட்டு வருத்தக்காரி. சும்மாவே மூச்சுக்கு அல்லாடுகிறவள்.

அவள் எழுந்து போய்ப் பரிசோதகரின் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னாள். “சேர், காக்காவை ஒருக்காச் சோதிச்சுப் பாருங்க.”

“எனக்கென்ன வருத்தம்? காய்ச்சலா, இருமலா?” என்று பரிசோதகர் கூப்பிட்டதும் காக்கா கத்தினார். கத்தியும் பயனில்லை. மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். கொரோனா!

காக்காவை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். வரிசைக்குப் பூட்டு விழுந்தது.

“பழைய கோவத்தைத் தீர்த்திட்டாய், என்ன?” என்று குணம் சீறினான். “டீ வாங்கித் தந்த மனிசனைக் காட்டிக் குடுத்திட்டியே!”

மங்களேஸ்வரி கருவாட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அழுகை முட்டியது.

வரிசை மறுபடி திறந்த நாளில் காக்கா ஒன்றுக்கு இரண்டாக மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். நேரே அவளிடம்தான் வந்து உட்கார்ந்தார். குணமும் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

“ஸுலைஹாக்குத் தொத்தாமத் தப்பினது உன்னாலதான், புள்ள. அத நான் மறக்கமாட்டன். ஆனா காய்ச்சலுமில்ல, இருமலுமில்ல. எனக்கே தெரியாதது உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

மங்களேஸ்வரி சுறாப் பெட்டியின் பொலித்தீனை மெல்ல இழுத்தாள்.

“யா அல்லாஹ்!” இரண்டு மாஸ்க்குக்கும் மேலால் மூக்கைப் பொத்திக்கொண்டு காக்கா துள்ளி எழுந்தார். “மூடு, மூடு! மனிசன் இருக்கிற இடமா இது? என்ன நாத்தம்! இண்டைக்கே மனு எழுதுறன்!”

மங்களேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“அண்டைக்கும் இதே பெட்டிதான் காக்கா திறந்து கிடந்திச்சு. நீங்க பக்கத்தில இருந்து சிரிச்சுச் சிரிச்சு டீ குடிச்சீங்க!”