படகும் விழணும்

கினுயோ முகத்துணியை அவிழ்த்தாள்.

கூழாங்கல் கரையில் கடற்பாசியைக் காய விரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து, கண் மட்டும் தெரியக் கட்டுகிற துணி அது. யாராவது கேமராவோடு வந்தால் அதை இன்னும் இறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டுகிறவள் கினுயோ.

"என்னடி, இந்த வயசுல சினிமாவுல சேரப் போறியா?" என்றாள் பக்கத்தில் விரித்துக்கொண்டிருந்த ஹருயே.

கினுயோ துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படம் எடுக்கும் பெண் ஹக்கோடாட்டேவிலிருந்து வாடகைக் காரில் வந்திருந்தாள். இந்த ஹொக்கைடோத் தீவுக்கு ஆள் கூட்டிவரும் ஒரு பயண நிறுவனத்தின் சுவரொட்டிக்காக. செங்கல் கிடங்கு, நட்சத்திரக் கோட்டை, ஒட்டாருவின் கால்வாய் எல்லாம் எடுத்தாயிற்று, உழைக்கிற முகம் ஒன்றுதான் பாக்கி என்றாள்.

எங்கே ஒட்டுவீர்கள் என்று கினுயோ கேட்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து ஒசாகா ரயில் நிலையங்கள் முழுக்க.

அதைக் கேட்ட பிறகுதான் துணி அவிழ்ந்தது.

மகள் நாகிசா ஒசாகாவில் எங்கேயோ இருக்கிறாள். எட்டு வருஷம். தொலைபேசி எண் மாறிவிட்டது. கடிதங்கள் திரும்பி வந்தன.

பாசி நாற்றம் பிடித்த கையோடு சாக மாட்டேன் என்று அவள் சொன்னதும், நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வாசலை மிதிக்காதே என்று அவள் அப்பா சொன்னதும் ஒரே ராத்திரிச் சாப்பாட்டில். சோறு தட்டில் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் ஒரே அச்சு. சொன்னால் சொன்னதுதான்.

ஒசாகாவில் எந்த மூலையில் இருந்தாலும் வேலைக்குப் போகிறவள் ரயில் ஏறத்தானே வேண்டும்.

படக்காரி அவளைத் தண்ணீர் ஓரமாக நிறுத்தினாள். பின்னால் எரிமலை, மேகம் இல்லாமல். கையில் ஆள் நீளத்துக்கு ஒரு பாசி.

கினுயோ பாசியைக் கீழே போட்டுவிட்டுக் கரைமேல் ஏறிப் போனாள். அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அங்கே நின்றால் மலை மறைகிறது, படகெல்லாம் பறவை எச்சம் என்று படக்காரி சொல்லிப் பார்த்தாள். தண்ணீரில் எத்தனையோ நல்ல படகு இருக்கிறதே என்றாள்.

"படத்துல படகும் விழணும். அது விழலைன்னா நானும் விழமாட்டேன்."

படக்காரி பெருமூச்சு விட்டுக்கொண்டு கேமராவைத் திருப்பினாள். யார் படகு என்று கேட்டாள். வீட்டுக்காரருடையது என்றாள் கினுயோ.

அப்படியானால் அவரையும் கூப்பிடுங்கள், இரண்டு பேரும் நின்றால் நன்றாக இருக்குமே என்றாள் படக்காரி.

ஹருயே சட்டென்று குனிந்து, திருப்பிய பாசியையே மறுபடி திருப்ப ஆரம்பித்தாள்.

பாசிக் காலத்தில் மற்ற படகெல்லாம் நிறைந்து நிறைந்து கரைக்கு வருகிறபோது, ஓட்ட ஆள் இல்லாமல் போன படகு மட்டும்தான் இங்கே அடி மேலாகக் கிடக்கும். இந்தக் கரையில் வளர்ந்த யாருக்கும் அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.

கினுயோ கொஞ்சம் நகர்ந்து, படகின் நம்பர் எழுதிய பக்கவாட்டை மறைக்காமல் நின்றாள்.

"நம்பர் தெரியுற மாதிரி எடும்மா," என்றாள்.